சங்கம் வைத்தால் ரேட் கூடுமா?

கேள்வி:

சேலையூரில் வசிக்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் முழுநேர வேலை. மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவம், வங்கிச் சுற்றறிக்கை, ஓடிடி வசனம், அரசுத் திட்டக் கையேடு என்று எது வந்தாலும் செய்வேன். வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர் ஏஜென்சிகள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. சொல்லுக்கு 80 பைசா வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ‘மெஷின் செய்து வைத்திருக்கிறது, நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் போதும்’ என்று 25 பைசாவுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு ஏஜென்சி ஐந்து மாத பாக்கி வைத்துவிட்டு போனையே எடுப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் இதே தொழிலில் இருக்கும் சிலர் போன மாதம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர் வீட்டு மாடியில் கூடினோம். ஒரகடத்துக்கு ஜப்பானிய மொழி இன்டர்பிரெட்டராகப் போய்வரும் ஒரு தம்பி, வங்கியில் இந்தி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற குரோம்பேட்டை ஐயா, தாம்பரம் கோர்ட் பக்கம் பத்திரம் மொழிபெயர்த்துக் கொடுப்பவர், பெருங்களத்தூரிலிருந்து சப்டைட்டில் செய்யும் இரண்டு பெண்கள், நான். சங்கமாகப் பதிவு செய்யலாம் என்று பேச்சு வந்தது. ‘சொல்லுக்கு 2 ரூபாய்க்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது’ என்று முதல் தீர்மானம் போடலாம் என்றார்கள். சங்கத்தின் பெயரில் முத்திரை செய்து, ‘சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர்’ என்று உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். இதெல்லாம் நடக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி, சேலையூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சங்கம் தேவை. பதிவு இப்போது வேண்டாம். ரேட் தீர்மானம் எப்போதுமே வேண்டாம். முத்திரை யோசனையை அந்த நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ரேட். எந்தத் தொழில்முறைச் சங்கமும் முதலில் கால் வைப்பதும் வழுக்குவதும் இங்கேதான். ஏஜென்சிக்குச் சம்பளக்காரராக இருப்பவர் கூலி கேட்டுப் போராடுவது வேறு. நீங்கள் ஆறு பேரும் சட்டத்தின் பார்வையில் ஆறு தனித்தனி தொழில் நடத்துபவர்கள். அப்படிப்பட்டவர்கள் கூடி உட்கார்ந்து விலை நிர்ணயித்தால் அதை 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தடுக்கிறது. சங்கத்தின் பெயரில் செய்தாலும் விலக்கு கிடையாது. மருந்து வணிகர் சங்கங்கள் சிலவற்றுக்கு இந்தியப் போட்டி ஆணையம் அபராதமே போட்டிருக்கிறது. உங்கள் தொழிலிலேயே உதாரணம் வேண்டுமென்றால், 1953-இல் தொடங்கிய ‘அயீக்’ என்ற உலக மாநாட்டு இன்டர்பிரெட்டர்கள் சங்கத்தைப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அது வைத்திருந்த கட்டண விதிகளை அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1997-இல் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. ஐ.நா. சபையோடே ஒப்பந்தம் பேசும் சங்கத்துக்கு அந்தக் கதி.

ராஜகீழ்ப்பாக்கம் மாடிக்கு ஆணையம் ஆள் அனுப்பாது என்பீர்கள். சரி, சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் எடுபடுமா? புனே ஏஜென்சிக்குத் தாம்பரம் என்ன, திருநெல்வேலி என்ன? நீங்கள் ஆறு பேரும் 2 ரூபாய் என்று நின்றால், அது ஏழாவது ஆளுக்கு மெயில் போடும். அந்த ஏழாவது ஆள் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளையாக இருக்கும், 40 பைசாவுக்கு ஒப்புக்கொள்ளும். இரண்டு மாதத்தில் உங்களில் ஒருவரே ரகசியமாக 70 பைசாவுக்கு இறங்கியிருப்பார். அது தெரியவரும் நாளில் சங்கம் முடிந்தது.

தனித்தனியாக நீங்கள் என்ன ரேட் கேட்பது என்பது முழுக்க உங்கள் உரிமை. அதைச் சங்கத்தின் மினிட்ஸ் நோட்டில் ஏற்றாதீர்கள், அவ்வளவுதான். ஒரு ஏஜென்சி ஒழுங்காகப் பணம் தருகிறதா, எத்தனை நாளில் தருகிறது, இலவச ‘டெஸ்ட்’ என்று சொல்லி உண்மையான வேலையையே வாங்கிக்கொள்கிறதா என்பதையெல்லாம் தாராளமாகப் பேசலாம். பேசும்போது நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ‘மோசடிக்காரன்’ என்று எழுதினால் நோட்டீஸ் உங்களுக்கு வரும்.

ரேட்டை விட உங்களை அதிகம் உறிஞ்சுவது பாக்கி. இங்கே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்பாளர்களில் பெரும்பாலோர் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் பட்டறைக்காரருக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சேவை தருபவருக்கும் அது உண்டு. வீட்டு மேஜையில் லேப்டாப் வைத்து வேலை செய்யும் நீங்களும் ‘உத்யம்’ பதிவு எடுக்கலாம், கட்டணம் இல்லை. பதிவு இருந்தால், எழுத்து மூலம் தேதி பேசியிருந்தாலும் முடித்த வேலையை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒன்றும் பேசவில்லை என்றால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தராதவர்மேல் வசதியளிப்புக் கவுன்சிலில் மனுப் போடலாம், சென்னை மண்டலத்துக்கே தனிக் கவுன்சில் இருக்கிறது. மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நிஜத்தில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் சேர்ந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராமல் நிதியாண்டு முடிந்தும் பாக்கி வைத்தால், அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் காட்டி வாங்குபவர் வருமான வரி குறைக்க முடியாது. கவுன்சில் என்றால் அசையாத முதலாளிகூட, ஆடிட்டர் இதைச் சொன்னால் அசைவார். ஆகவே உங்கள் இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். அந்த ஒரு வரி மூன்று நினைவூட்டல் மெயிலுக்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை: வேலையை முடித்துக் கொடுத்த பிறகு உத்யம் எடுத்தால் பழைய பாக்கிக்கு அது உதவும் என்று நம்பியிருக்க முடியாது. உங்கள் ஐந்து மாத பாக்கி அந்த வகையாக இருந்தால் வேறு வழிதான். வேலை ஆணை (பிஓ), மெயில், அனுப்பிய ஃபைல் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போட மூன்று ஆண்டு காலவரம்பு இருக்கிறது, அதுவரை தூங்கிவிடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தாலுகா அளவிலும் குழுக்கள் இருக்கின்றன.

உங்கள் கூட்டத்துக்கு இதில் செய்ய வேலை நிறைய இருக்கிறது. ஒரு சனிக்கிழமை எல்லோரும் லேப்டாப்போடு உட்கார்ந்து ஆறு பேருக்கும் உத்யம் போட்டு முடியுங்கள். ஒரே மாதிரி இன்வாய்ஸ், ஒரே மாதிரி வேலை ஒப்புகைத் தாள் தயாரியுங்கள். வேர்டு கவுண்ட் மூலத்திலா மொழிபெயர்ப்பிலா, திருத்தம் எத்தனை சுற்று, பாதியில் நிறுத்தினால் என்ன தொகை, பணம் எந்தத் தேதி, அனைத்தும் அதில் இருக்கட்டும். ரேட் என்ற இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். அது ஒவ்வொருவரும் நிரப்பிக்கொள்ளும் இடம்.

இனி முத்திரை. நம் நாட்டில் ‘உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்’ என்ற பதவி கிடையாது. இலங்கையில் இருக்கிறது. அங்கே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று போர்டு வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம், பிறப்புச் சான்றிதழ் முதல் காணி உறுதி (நிலப் பத்திரம்) வரை அவர்கள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் 1977-இல் தொடங்கிய ‘நாட்டி’ என்ற அமைப்பு தேர்வு வைத்துச் சான்று தருகிறது, தமிழும் அதில் உண்டு. ஒருமுறை பாஸ் செய்துவிட்டுச் சட்டம் போட்டு மாட்டிவிட முடியாது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து வேலை செய்ததையும் படித்ததையும் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கம் 1959-இலிருந்து இருக்கிறது. உலகம் முழுக்க மதிக்கும் அதன் தேர்வில் தமிழுக்கு இடமில்லை.

இங்கே 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, ஆவணத்தை மொழிபெயர்க்கவும் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. தமிழும் ஆங்கிலமும் படித்த நோட்டரி சரி. ஒடியாவிலிருந்து வந்த பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு குத்தப்படும் முத்திரைக்கு என்ன பொருள் என்று கோர்ட் வாசலில் வேலை செய்யும் உங்கள் நண்பருக்கே தெரியும். அதில் இன்னொரு ரப்பர் ஸ்டாம்பையும் சேர்க்காதீர்கள். தேர்வு வைக்காமல், தவறினால் நீக்கும் வழியும் இல்லாமல் ‘சான்று’ என்ற சொல்லைப் பயன்படுத்துவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது.

பல வேலைகளுக்கு முத்திரையே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குக் கொடுக்கும் மொழிபெயர்ப்பில், ‘இது முழுமையானது, சரியானது, இந்த மொழிகளில் எனக்குத் தகுதி உண்டு’ என்று மொழிபெயர்த்தவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவே. பிரிட்டிஷ் விசாவுக்கும் கிட்டத்தட்ட அதே: பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி. ஜெர்மனி போன்ற நாடுகள் தங்கள் கோர்ட்டில் உறுதிமொழி எடுத்தவரைக் கேட்கும், அது வேறு கதை. எந்த நாடு என்ன கேட்கிறது என்பதை ஒரு தாளில் தொகுத்து உங்கள் உறுப்பினர்கள் கையில் வைத்திருந்தால், தாம்பரத்தில் பையன் படிக்க வெளிநாடு போகும் குடும்பங்களுக்கு அது முத்திரையைவிட உதவும்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பாளர் கூடினால் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பது. இது கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் பத்து ஆண்டு அனுபவம் உள்ள பலருடைய மொழிபெயர்ப்பை, ஏஜென்சியின் பிழை பார்ப்பவரைத் தவிர வேறு யாரும் கருத்தூன்றிப் படித்ததே இல்லை. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை (2015), மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாவது ஆள் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆக வேண்டும் என்கிறது. அந்தச் சான்றை லெட்டர்ஹெட்டில் போட்டுக்கொண்டு, இரண்டாவது ஆளுக்கான காசை மிச்சம் பிடிக்கும் இடங்களும் உண்டு.

நீங்கள் செய்யும் ஒப்புதல் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். மருந்துச் சோதனையில் சேரும் நோயாளிக்கு அவர் மொழியில், அவருக்குப் புரியும்படி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு விதிகளின் சாரம். அதற்கு ஏஜென்சி வைத்திருக்கும் பரிசோதனை பேக் டிரான்ஸ்லேஷன். உங்கள் தமிழை வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்புவார், மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ‘சீரற்றமயமாக்கல் வழியாக நீங்கள் ஒரு சிகிச்சைக் கரத்துக்கு ஒதுக்கப்படுவீர்கள்’ என்று எழுதினால், திருப்புபவருக்கு மூல ஆங்கிலச் சொல் கண்ணை மூடிக்கொண்டு கிடைத்துவிடும். நூற்றுக்கு நூறு. ‘கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டு உங்களை இரண்டு குழுவில் ஒன்றில் சேர்க்கும், எந்தக் குழு என்பதை நீங்களோ டாக்டரோ தேர்ந்தெடுக்க முடியாது’ என்று எழுதிப் பாருங்கள். ‘மூலத்தில் குலுக்கல் இல்லையே, கம்ப்யூட்டர் எங்கிருந்து வந்தது?’ என்று கேள்வி வரும். ஆக, நோயாளிக்குப் புரியாதது பாஸ், புரிவது ஃபெயில். இந்த அபத்தத்தை ஏஜென்சியின் பிராஜக்ட் மேனேஜரிடம் தனி ஆளாக நின்று விளக்கிப் பார்த்திருப்பீர்கள். ஆறு பேர் படித்து ஒப்புக்கொண்ட ஒரு வாக்கியத்தை, காரணக் குறிப்போடு அனுப்பினால் அதன் எடையே வேறு.

எப்படி நடத்துவது? கூட்டத்துக்கு ஒருவர் ஒரு பக்கம் கொண்டுவரட்டும், இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ். ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்ட ஃபைலைக் கொண்டுவரக் கூடாது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டு, மின்வாரிய அறிவிப்பு, வெளியான அரசுக் கையேடு போதும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் முதலில் தமிழை மட்டும் சத்தமாகப் படிக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காமல். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே பென்சில் கோடு. பிறகுதான் மூலம். குரோம்பேட்டை ஐயாவுக்கு இது கைவந்திருக்கும். வங்கி ராஜபாஷாப் பிரிவில் சுற்றறிக்கையோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர்களிடம் இருக்கும் சொற்கிடங்கு எந்த மென்பொருளிலும் இல்லை. அவரைத் தலைவராக்கிச் சால்வை போர்த்தி உட்கார வைத்துவிடாதீர்கள், பென்சிலைக் கையில் கொடுங்கள்.

அந்த ஒரகடம் தம்பிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் வந்து போய்விட்டார். உண்மையில் நம் பக்கத்தின் தனித்தன்மையே அவர்தான். டெல்லியில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சங்கத்துக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இங்கேதான் தொடங்கும். ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் கூட்டாகத் தொடங்கிய ஆலை 2010-இலிருந்து ஓடுகிறது. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையிலும், இந்தப் பக்கம் மறைமலை நகர், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி வரையிலும் ஜப்பானிய, கொரியக் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகை போன்ற இடங்களில் ஜப்பானிய மொழி படித்து, ஜேஎல்பிடி மொழித்தேர்வில் என்2 நிலை வாங்கிய பிள்ளைகள் பலர் அங்கே நிற்கிறார்கள்.

நிற்கிறார்கள் என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளுங்கள். மாநாட்டு இன்டர்பிரெட்டர்கள் கண்ணாடி அறைக்குள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். மூளை அதற்கு மேல் தாங்காது என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஆலை இன்டர்பிரெட்டர் சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டுமாகக் காலை மீட்டிங்கில் தொடங்குவார். பிரஸ் ஷாப் சத்தத்தில் காதடைப்பானை ஒரு பக்கம் கழற்றிக்கொண்டு ஜப்பான் எஞ்சினியர் முணுமுணுப்பதைக் கேட்டு, ஃபோர்மேனிடம் தமிழில் கத்த வேண்டும். ஃபோர்மேன் எரிச்சலில் சொல்வதை எஞ்சினியரிடம் மரியாதை குறையாமல் சேர்க்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு மேஜையிலும் பேச்சு ஓடும், அதையும் இவர்தான் சொல்ல வேண்டும். சாயங்காலம் ரிப்போர்ட்டை மொழிபெயர்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். மேன்பவர் கான்ட்ராக்டில் வந்தவர் என்பதால் முறையிடவும் இடமில்லை. ஏழாவது மணி நேரத்தில் ஒரு எண் மாறிப்போனால் பழி அவர் தலையில்.

உங்கள் சங்கம் இதற்கு ஒரு பக்கத் துண்டறிக்கை போடலாம்: ‘இன்டர்பிரெட்டரை அழைக்கும் கம்பெனிக்கு’. வரைபடத்தையும் பாகங்களின் பெயர்ப் பட்டியலையும் முந்தின நாளே கொடுங்கள், அரை நாளுக்கு மேல் என்றால் இருவரை அழையுங்கள், சாப்பாட்டு நேரம் ஓய்வு நேரம், எழுத்து வேலை தனி வேலை. இதில் பணம் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜப்பானிய, கொரிய மொழிகளிலும் அச்சடியுங்கள், ஜப்பானிய மொழிக்கு உங்களிடமே ஆள் இருக்கிறதே. மனிதவளத் துறைக்காரர்கள் கெட்டவர்கள் அல்ல, அவர்களிடம் இதை யாரும் சொன்னதில்லை.

அதே கையோடு தாம்பரம் சானடோரியத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1928-இல் தொடங்கிய அந்த நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு ஆந்திராவிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இந்தப் பக்கத்துக் கட்டட வேலையிலும் ஆலையிலும் இருக்கும் ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளர்களும் எங்காவது ஒரு புறநோயாளி வரிசையில் நிற்பவர்கள்தான். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்பதை அவர்கள் மொழியில் எழுதிய ஒரு தாள், நிர்வாகத்தின் அனுமதியோடும் டாக்டர் சரிபார்த்தும், வருடத்துக்கு ஒன்று செய்து கொடுக்கலாம். இலவச வேலை இதுபோன்ற இடத்துக்கு மட்டும். லாபத்தில் ஓடும் கம்பெனி ‘டெஸ்ட்’ என்று கேட்பதற்கு அல்ல.

மெஷின் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது போகப் போவதில்லை. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாடல்களைச் செய்து பொதுவில் விட்டிருக்கிறது. மத்திய அரசின் பாஷிணி 2022-இலிருந்து இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மொழிபெயர்க்கவே 2019-இல் ‘சுவாஸ்’ என்ற மென்பொருள் வந்துவிட்டது. ஆனால் அந்த 25 பைசா கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சொல்லுக்கு 250 ரூபாய். மெஷின் தந்தது நன்றாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். மோசமாக இருந்தால் அழித்து எழுத மூன்று மணி நேரம், மணிக்கு 83 ரூபாய். ஆகவே ஃபைலைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள், முடிந்தால் மணிக்கணக்கில் பேசுங்கள். மெஷின் வேலையைத் திருத்துவதற்கும் ஐஎஸ்ஓ 18587 என்ற தனித் தரநிலை 2017-இலிருந்து இருக்கிறது. ‘ஒரு பார்வை பார்ப்பது’ என்று அதில் எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரு மெஷின் பக்கத்தை மேற்சொன்ன பென்சில் முறையில் படித்து, எங்கெங்கே அது வழக்கமாகச் சறுக்குகிறது என்று குறித்து வைத்தால், நீங்கள் பேரம் பேச உட்காரும்போது கையில் சரக்கு இருக்கும்.

பதிவு விஷயம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் வேண்டும், உங்களிடம் ஆறு பேர்தான் இருக்கிறீர்கள். அமைப்பு விதிகள், ஆண்டுப் பொதுக்குழு, கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் என்று ஒவ்வொரு வருடமும் மாவட்டப் பதிவாளருக்குத் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு வேண்டும், யாராவது நிதி தருகிறார்கள் என்ற நிலை வரும்போது பதிவு பயன்படும். இன்று செய்தால், தலைவர் யார் என்ற கேள்வியிலேயே முதல் வருடம் போய்விடும். ஒரு வருடம் கூடிப் பாருங்கள். மழைக்காலத்திலும் ஆள் வந்தால் பதிவு செய்யலாம்.

அதுவரை தனியாக நிற்க வேண்டியதில்லை. டெல்லியில் இந்திய மொழிபெயர்ப்பாளர் சங்கம் இருக்கிறது. 1953-இல் பாரிஸில் தொடங்கிய உலக மொழிபெயர்ப்பாளர் கூட்டமைப்பான ‘ஃபிட்’டில் அது உறுப்பினர். ‘சிட்லாப்’ என்பது ஏஜென்சிகள் தரப்பின் கூட்டமைப்பு, குழப்பிக்கொள்ளாதீர்கள். மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் பயிற்சி முகாம்கள் நடத்தியிருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக்கென்றே துறை உண்டு. இலக்கிய மொழிபெயர்ப்பாளர்களுக்குக் குறிஞ்சிவேலனின் ‘திசை எட்டும்’ இதழ் எப்படி ஒரு கூடுமிடமாக இருந்தது என்பதை மூத்தவர்களிடம் கேளுங்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருவர் அதைச் செய்ய முடிந்தது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் உங்களுக்குப் பக்கத்திலேயே, பெரும்பாக்கத்தில் 2022-இலிருந்து சொந்த வளாகத்தில் இருக்கிறது. திருக்குறளைப் பல மொழிகளில் கொண்டுவந்தவர்கள், அழைத்தால் பேச ஆள் வரும்.

இடத்துக்கு வீட்டு மாடியை நம்பாதீர்கள். வீட்டுக்காரர் மூன்றாவது மாதம் சலித்துக்கொள்வார். கிளை நூலகத்தில் கேளுங்கள், அல்லது ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பள்ளி வகுப்பறை. செங்கல்பட்டிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் மின்சார ரயிலில் வந்து போகும்படி இருக்க வேண்டும் என்பதே முக்கியம். தாம்பரத்துக்குப் பல மொழிக் கூட்டம் புதிதும் அல்ல. 1938 டிசம்பரில், சென்னைக் கிறித்துவக் கல்லூரி இங்கே குடிவந்த மறு வருடமே, உலகின் பல நாட்டு மிஷனரிப் பிரதிநிதிகள் அந்த வளாகத்தில் கூடி மாநாடு நடத்தியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 30 உலக மொழிபெயர்ப்பு நாள். 2017-இல் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது. அன்று பேனர் கட்டி விழா எடுக்க வேண்டாம். ஆலைத் துண்டறிக்கையை அச்சடித்து வெளியிடும் நாளாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரையும் ஒரு பக்கமும் ஒரு பென்சிலும் கொண்டுவரச் சொல்லுங்கள். கொரிய மொழி இன்டர்பிரெட்டர் ஒருவரையும், சைகை மொழி தெரிந்த ஒருவரையும் தேடிப் பிடித்து அழைத்து வாருங்கள். ஏழு பேர் என்ற எண்ணிக்கையும் அப்போது தாண்டிவிடும்.